பக்க எண் தெரியாமல்தான் தேடி வருகிறோம்: திருச்சபை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தென்தமிழ்நாட்டுத் திருமண்டலங்களின் பேராயர்களுக்கும், மறைமாவட்டங்களின் ஆயர்களுக்கும், பழைய பதிவேடுகளின் சாவியை வைத்திருக்கும், பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரங்களின் குருவானவர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும்,

போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையின் முடிவில் ஓர் அறிவிப்பை வாசித்தீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளை இனி யாரும் பார்வையிட முடியாது. சான்று வேண்டுவோர் பெயர், நாள், ஏட்டின் பக்க எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் ஏற்கப்படாது.

பக்க எண் என்பது ஏட்டைத் திறந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். திறக்கவே விடாமல் அதைக் கேட்டால் நாங்கள் எங்கே போவது? 1860 வாக்கில் நடந்த ஒரு கல்யாணத்தின் தேதியை எந்த வீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்? அது தெரியாமல்தானே உங்கள் வாசலுக்கு வருகிறோம்.

எந்தத் திருச்சபை, எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு குருவானவரையோ ஓர் அலுவலகத்தையோ சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. இதே பதிலை வெவ்வேறு வார்த்தைகளில் நான்கு அலுவலகங்களில் கேட்டுவிட்டேன். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 81 வயது. அம்மாவின் பூட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் மூன்று செய்திகள்தான் மிஞ்சியிருந்தன. தாது வருஷப் பஞ்சத்துக்கு மறுவருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. புருஷன் இலங்கைத் தோட்டங்களுக்கும் ஊருக்குமாக அலைந்து கடைசியில் அங்கேயே இறந்துபோனார். அவள் தனியாக நின்று பிள்ளைகளை ஆளாக்கினாள். அவ்வளவுதான். பெயர் இல்லை. கொழும்பாச்சி என்றே நான்கு தலைமுறையும் சொல்லிவந்திருக்கிறது.

முதலில் பத்திரங்களைத் தேடினேன். பனைவிளைகளை வாங்கியதும் விற்றதுமான பத்திரங்களில் அவள் புருஷனின் பெயர் இருந்தது, மகன்களின் பெயர் இருந்தது, நான்கெல்லைக்காரர்களின் பெயர்கூட இருந்தது. அவள் பெயர் எதிலும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் அவளுக்குக் கல் கிடையாது. அவள் பெயரை எழுதியிருக்கக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது உங்கள் விவாகப் பதிவேடு.

2019இல் அந்தச் சேகரத்தில் இருந்த குருவானவர் ஐயா எனக்கு ஆறு நாள் அனுமதி கொடுத்தார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியார் ஜன்னலோரம் ஒரு பெஞ்சைப் போட்டுக் கொடுத்து, கூடவே உட்கார்ந்திருந்தார். இரும்பு அலமாரியில் தோல் அட்டை போட்ட உயரமான ஏடுகள் வரிசையாக இருந்தன. முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்படியும் முதல் நாள் முழுக்க ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. புள்ளி வைக்காத எழுத்து, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாத எழுத்து, இடையிடையே தமிழ் எண்கள், சில வரிகளில் ஆங்கில ஆண்டு, சில வரிகளில் நம் பக்கம் வழங்கிய கொல்லம் ஆண்டு. பெயர்களோ திரும்பத் திரும்ப அதே பெயர்கள். ஞானமுத்து, வேதமாணிக்கம், தேவசகாயம், மாசிலாமணி. ஒரே ஊரில் ஒரே வருடத்தில் மூன்று ஞானமுத்துகளுக்குக் கல்யாணம். தகப்பன் பெயரை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். பழைய பெயரோடு சேர்த்துத் தேடலாம் என்றால், ஞானஸ்நானத்தில் இசக்கியம்மாள் அன்னம்மாள் ஆகியிருப்பாள்.

எனக்கு வழிகாட்டியது வீட்டுப் பேச்சுதான். தாது வருஷம் என்பது 1876 சித்திரையில் தொடங்கியது. அதற்கு மறுவருஷம் ஈசுவர. அதாவது 1877 ஏப்ரலிலிருந்து 1878 ஏப்ரலுக்குள், கொல்லம் 1052இன் கடைசி மாதங்கள் அல்லது 1053. பஞ்சத்தின் அந்த இரண்டு மூன்று வருடங்களில் திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரம் பேர் சபையில் சேர்ந்தார்கள். ஏடு அதை அப்படியே காட்டுகிறது. அதுவரை பக்கம் பக்கமாக நிதானமாக நடந்துவந்த எழுத்து திடீரென்று அவசரமாகிறது, வரிகள் நெருங்குகின்றன. அடக்கப் பதிவேட்டின் அதே வருடப் பக்கங்களையும் புரட்டினேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் கிடைத்தாள். 1878, தை மாதம். கல்யாண நாள், இருவர் பெயர், வயது, முதல் கல்யாணமா மறுமணமா என்ற குறிப்பு, தொழில், வசிக்கும் ஊர், தகப்பன் பெயர், ஓலை (கோயிலில் கல்யாண அறிவிப்பு) வாசித்த விவரம், சாட்சிகள் என்று அச்சடித்த கட்டங்கள். மணமகனுக்கு நேரே பனையேற்று. மணமகளுக்கு வயது 16. கீழே கையெழுத்துக் கட்டம். மணமகன் பெயரைக் குருவே எழுதி, நடுவில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் "தற்குறி" என்று இருந்தது. இன்று நாம் ஏச்சாகப் பயன்படுத்தும் அந்தச் சொல்லுக்கு அன்று எழுதத் தெரியாதவர் இடும் கீறல் என்றுதான் பொருள். மணமகளின் கட்டத்தில் கீறல் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். உருண்டையான, ஒன்றோடொன்று ஒட்டாத, சிலேட்டில் பழகிய எழுத்து.

அவளுக்கு எழுதத் தெரியும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கொழும்பிலிருந்து வரும் கடிதங்களை யார் வாசித்தார்கள், யார் பதில் போட்டார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. இடையன்குடியில் எலைசா கால்டுவெல் அம்மையாரைப் போல மிஷனெரிகளின் மனைவிமார் பனங்காட்டு ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்திய காலம் அது. அப்படி ஏதோ ஒன்றில் அவள் படித்திருக்க வேண்டும். அந்த ஒரு கையெழுத்து எங்கள் குடும்பத்தின் கதையை மாற்றிவிட்டது. "எழுத்து வாசனை இல்லாத கிழவி" என்று சொல்லிவந்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். என் அம்மா அந்தக் கையெழுத்தின் புகைப்படத்தைத் தன் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டிய பெயர்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த ஏடுகள் எவ்வளவு அபூர்வமானவை என்பதை அவற்றின் பொறுப்பில் இருப்பவர்களே உணராமல் இருப்பதைப் பார்த்துவிட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஊர்களில் நடந்த கல்யாணங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு எழுத்தே கிடையாது. பந்தல் பிரித்ததோடு சரி. எல்லா மதத்தாருக்கும் திருமணப் பதிவு கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2009இல்தான். அதற்கு நூற்று முப்பது வருடம் முன்பு, ஒரு பனையேறியின் மனைவியுடைய வயதையும் தகப்பன் பெயரையும் ஊரையும் ஒருவர் கேட்டு எழுதி வைத்தார் என்றால் அது சாதாரண காரியமா?

இன்னொன்றும் உண்டு. கிழக்கிந்தியக் கும்பினி காலத்திலிருந்தே சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் நடந்த கல்யாணங்களின் நகல் லண்டனுக்குப் போனது. இன்றைக்கு அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். பாளையங்கோட்டையில் கல்யாணம் முடித்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் பேரனுடைய பேரன் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுகிறார். பிரெஞ்சிந்தியாவின் பழைய பதிவேடுகள் பலவற்றை பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள ஆவணக் காப்பகம் எண்ணிமமாக்கி, யாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது. நம் சனங்களின் பெயர்கள் மட்டும் உங்கள் அலமாரியில் இருக்கும் அந்த ஓர் ஏட்டை நம்பி இருக்கின்றன. அதைக் கறையான் தின்றால் லண்டனில் போய்க் கேட்க முடியாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? உங்களில் பலர் இன்றும் கல்யாணம் நடத்தி வைப்பது 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ்தான். அதன் 79ஆவது பிரிவு, திருமணப் பதிவேட்டைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, நியாயமான எல்லா நேரங்களிலும் அதில் தேட அனுமதிக்க வேண்டும், கேட்ட பதிவின் நகலைக் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்கிறது. சட்டத்தில் இருக்கும் சொல் "தேட". நம் நாட்டுக் கிறிஸ்தவர்களின் கல்யாணங்களை எழுதிய ஏடுகளுக்கு 63, 64ஆம் பிரிவுகள் இதையே மறுபடியும் சொல்கின்றன. பக்க எண் தெரிந்தவருக்கு மட்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. 75ஆவது பிரிவு, பதிவேட்டை வேண்டுமென்றே அழிப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. இந்த ஏடுகளை அன்றைய ஆட்சி எவ்வளவு கனமாக மதித்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

1872க்கு முந்திய ஏடுகள் இந்தப் பிரிவுகளுக்குள் வராது என்று ஒரு நிர்வாகி என்னிடம் சொன்னார். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் இந்தச் சட்டமே இல்லை என்றும் சொன்னார். அது உண்மைதான். பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக்கு இந்தச் சட்டம் நீட்டிக்கப்படவில்லை. எங்கள் பக்கத்து ஆண்களுக்கு நாஞ்சில் நாட்டுப் பக்கம் பெண் எடுப்பது புதிதல்ல. அந்தப் பெண்களின் கல்யாணம் மணமகள் ஊர்க் கோயிலில் நடந்திருந்தால், சட்டத்தைக் காட்டி நான் எதையும் கேட்க முடியாது. அப்படியானால் அங்கே உங்கள் மனச்சாட்சியிடம்தான் கேட்கிறேன். மயிலாடியில் 1809இல் கோயில் கட்டிய காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த பெயர்களைச் சட்டம் வற்புறுத்தவில்லை என்பதற்காகப் பூட்டி வைப்பீர்களா?

கத்தோலிக்க ஆயர்களுக்கு நான் திருச்சபைச் சட்டத்தையே நினைவூட்டுகிறேன். பழைய பங்குப் பதிவேடுகளைக் கருத்தாகப் பாதுகாக்க வேண்டும் என்று 535ஆவது பிரிவு சொல்கிறது. தன் நிலை தொடர்பான பொதுத்தன்மையுள்ள ஆவணங்களின் நகலைப் பெற உரியவருக்கு உரிமை உண்டு என்று 487ஆவது பிரிவு சொல்கிறது. இதைச் சரியாகச் செய்யும் பங்குகள் இருக்கின்றன என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். கடற்கரை ஊரைச் சேர்ந்த என் தோழி தன் தகப்பன் வழியைத் தேடியபோது, அந்தப் பங்குத்தந்தை தானே கூட உட்கார்ந்து லத்தீனை வாசித்துப் பொருள் சொல்லியிருக்கிறார். அங்கே எல்லோருமே ஃபெர்னாண்டோ, எல்லா மணமகளும் மரியா. ஆனால் ஒரு வரியில் இரண்டாம் படி இரத்த உறவுத் தடைக்கு விலக்கு பெற்றதாகக் குறிப்பு இருந்தது. மணமக்கள் அத்தை மகனும் மாமன் மகளும் என்பது அதிலிருந்து தெளிந்து, இரண்டு தலைமுறை ஒரே நாளில் கிடைத்துவிட்டது. முறைப்பெண்ணைக் கட்டும் நம் வழக்கமும் ரோமாபுரியின் சட்டமும் முட்டிக்கொண்ட இடத்தில் அவளுடைய வம்சம் எழுதப்பட்டிருந்தது. அதே வீட்டுத் தம்பியின் கல்யாணம் அந்த ஏட்டில் இல்லை. கோவா குருக்களின் அதிகாரமும், 1838இல் திரும்பி வந்த இயேசு சபையினரின் அதிகாரமும் கடற்கரையில் அருகருகே இருந்த காலம் அது. தம்பி மற்ற கோயிலில் கல்யாணம் முடித்திருந்தார். எந்த ஏடு எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பங்குத்தந்தை எழுதி வைத்திருந்ததால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த ஒரு தாள் குறிப்புதான் நான் உங்களிடம் கேட்கப் போவதில் பாதி.

எங்கள் பக்கம் அந்தக் குறிப்பு இல்லை. அம்மாவின் பூட்டியுடைய தாய் தகப்பனுக்கு 1860ஐ ஒட்டிக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். அந்நாளில் சிற்றூர்க் கோயில்களில் உபதேசியார்தான் இருந்தார். கல்யாணம் நடத்தி வைக்க மிஷனெரியோ பட்டம் பெற்ற குருவோ வேண்டும். ஆகவே இருபது முப்பது ஊர்க் கல்யாணங்கள் தலைமை ஊரின் ஏட்டில் இருக்கும். 2019இல் அந்த அலமாரியில் 1856 முதல் 1867 வரை என்று முதுகில் எழுதிய ஏட்டை நான் என் கையால் எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நேரம் முடிந்துவிட்டது, அடுத்த விடுமுறையில் வருகிறேன் என்று திரும்ப வைத்தேன். அப்புறம் கொரோனா வந்தது, குருவானவர் மாறிப்போனார்.

போன வருடம் போனபோது அலமாரி இருந்தது, அந்த ஏடு இல்லை. வெள்ளையடிக்கும்போது சாமான்களை மாற்றினோம், எங்கேயாவது இருக்கும் என்றார்கள். மணிக்கூண்டின் கீழ் அறையில் சாக்குமூட்டைகளுக்குள் பழைய தாள்கள் இருப்பதைப் பார்த்தேன். அவிழ்த்துப் பார்க்கவா என்று கேட்டதற்கு அனுமதி இல்லை என்றார்கள். மிஞ்சியிருந்த ஏடுகளில் ஒன்றில் கிழிசல்களை செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். டேப் காய்ந்து பழுப்பேறி, எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றைத் தாள் தாளாகப் பிரித்து லேமினேட் செய்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்தக் காலத்து இரும்புச்சத்து மை தாளைத் தானாகவே அரிக்கும். பிளாஸ்டிக்குக்குள் சூடுபடுத்தி அடைத்துவிட்டால் பிறகு யாராலும் அதைச் சீர்செய்ய முடியாது.

நீங்கள் சொல்லும் காரணங்களை நான் தள்ளிவிடவில்லை. சொத்து வழக்குக்காக ஏட்டைத் திருத்தப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். அதற்கு மருந்து படமெடுத்து வைப்பது. படம் வெளியே இருந்தால் ஏட்டில் கைவைத்தவர் அன்றே பிடிபடுவார். பூட்டிய அறையில் இருக்கும் ஒற்றை ஏட்டைத்தான் சுலபமாகத் திருத்தலாம், காணாமலும் ஆக்கலாம். பழைய ஏடுகளில் சாதி எழுதியிருக்கிறது, அதனால் இன்றைக்குச் சங்கடம் வரும் என்கிறீர்கள். இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். எங்கள் ஏட்டிலும் எழுதியிருக்கிறது. எந்த நிலையிலிருந்து, எந்தப் பஞ்சத்தில், என்ன தொழில் செய்துகொண்டு எங்கள் முன்னோர் இந்தக் கோயில் படியேறினார்கள் என்பது எங்களுக்கு அவமானம் இல்லை. உயிரோடு இருப்பவர்களையும் அவர்களது பெற்றோரையும் பற்றிய பதிவுகளைக் குடும்பத்தாருக்கு மட்டும் காட்டுங்கள், அது நியாயம். நூறு ஆண்டைத் தாண்டியவற்றை மூடுவதில் யாருக்கு என்ன பாதுகாப்பு? தாள் நொறுங்குகிறது என்கிறீர்கள். ஆம், நொறுங்குகிறது. அதனால்தான் இந்த மடலை இந்த வருடமே எழுதுகிறேன்.

ஆகவே நான் கேட்பது இவை.

முதலாவது, அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். பெயரும் ஏறத்தாழ எந்த வருடங்கள் என்பதும் தெரிந்தால் போதும், தேட விடுங்கள். மாதத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், உங்கள் ஆள் ஒருவர் கூட இருக்கட்டும், கட்டணம் நிர்ணயித்து ரசீது கொடுங்கள். நாங்கள் சந்தோஷமாகக் கட்டுவோம்.

அடுத்து, மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு சேகரமும் ஒவ்வொரு பங்கும் தன்னிடம் உள்ள ஏடுகளின் பட்டியலை எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்த ஊர்களுக்கு உரியது, இப்போது எந்த அறையில், என்ன நிலையில் என்ற நான்கு விவரம் போதும். அதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அரசின் பதிவுத்துறைக்கு உங்கள் முன்னோர்கள் அனுப்பிய ஏடுகளும் நகல்களும் என்னவாயின என்று நீங்களே அதிகாரபூர்வமாக எழுதிக் கேளுங்கள். தனியாளாக நான் கேட்டால் பதில் வருவதில்லை.

லேமினேட் செய்வதையும் டேப் ஒட்டுவதையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். 1900க்கு முந்திய ஏடுகளை முதலில் படமெடுங்கள், இரண்டு பிரதிகளை இரண்டு வெவ்வேறு ஊர்களில் வையுங்கள். இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கிராமத்து வீடுகளில் கிடந்த கையெழுத்து ஆவணங்களைத் தேடிப்போய்ப் படியெடுத்திருக்கிறது. கேட்டால் வழி சொல்லக்கூடியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பெயர் அட்டவணை போட ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் ஐந்து பேர் சம்பளம் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறோம். கையெழுத்திட்ட கடிதத்தை இந்த மடலுக்கு முன்பே உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக, 1856 முதல் 1867 வரையிலான அந்த ஏடு. வெள்ளையடித்தபோது சாமான் சுமந்தவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மணிக்கூண்டு அறையின் சாக்குகளை உங்கள் முன்னாலேயே அவிழ்க்கச் சொல்லுங்கள், மழை தொடங்குவதற்கு முன்னால். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பதிலை எழுத்தில் தாருங்கள். நான் அதை என் அம்மாவிடம் வாசித்துக்காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
1878 தை மாதத்து மணமகளின் கொள்ளுப்பேத்தி பெற்ற மகள்